பல்லாவரம் சந்தையில் அரசாங்க டிவி

வெள்ளிக்கிழமை வயலில் அவசர வேலை இல்லையென்றால் செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறி பல்லாவரத்தில் இறங்கிவிடுவது என் வழக்கம். பழைய டிரங்க் ரோட்டில் நடக்கும் சந்தைக்குத்தான். வெள்ளைக்காரன் காலத்தில் மாட்டுச் சந்தையாக ஆரம்பித்தது என்று சொல்வார்கள். இப்போது அங்கே மாட்டைத் தவிர எல்லாம் கிடைக்கும். புறா, லவ் பேர்ட்ஸ், ரோஜாச் செடி, பித்தளைக் குத்துவிளக்கு, ஒரு கால் உடைந்த தேக்கு நாற்காலி, குவியல் குவியலாக ரிமோட், ஒயர் அறுந்த மிக்ஸி. நான் போவது பெரும்பாலும் பழைய ஃப்ளெக்ஸ் பேனர் தேடி. நெல் காயவைக்கவும் மழை வந்தால் மூடிவைக்கவும் அதைவிட மலிவான விரிப்பு கிடையாது. தலைவர்கள் முகம் தரையைப் பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டுத்தான் நெல்லைக் கொட்டுவேன். மரியாதைக்காகத்தான், வேறொன்றும் இல்லை.

அப்படிப் போனபோது ஒருநாள் தார்ப்பாய் மேல் பழைய பெட்டி டிவிகள் அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். அதில் மூன்று 14 அங்குலம், கோபுரம் போட்ட தமிழ்நாடு அரசு முத்திரையோடு. "படம் வரும் சார், ஐந்நூறு குடுத்துட்டு எடுத்துக்கினு போ" என்றார் கடைக்காரர். பக்கத்தில் நின்ற ஒரு தம்பி தன் நண்பனிடம், "இதுக்குத்தான்டா நம்ம வரிப்பணம் போச்சு" என்று சொல்லிச் சிரித்தார். நல்ல பிள்ளைதான், கையில் செடித்தொட்டி வைத்திருந்தார். அவரிடம் அங்கேயே நின்று பேசியிருந்தால் ரயிலை விட்டிருப்பேன். அதனால் இங்கே எழுதுகிறேன்.

டிவி என்ற சாமான் எங்கள் பக்கத்துக்கு வந்ததே பழைய சாமானாகத்தான்.

டெல்லியில் டிவி 1959-லேயே வந்துவிட்டது. சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. செங்கல்பட்டுக்கும் சென்னைக்கும் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் சென்னையிலிருந்து கிளம்புகிற அலை எங்கள் ஊர் வரும்போது களைத்துப்போயிருக்கும். அதுவரை எங்களுக்கு ரேடியோதான் எல்லாம். பஞ்சாயத்து ரேடியோவில் வேளாண் நிகழ்ச்சி கேட்டு விதை மாற்றிய தலைமுறை எங்கள் அப்பாவுடையது. அறுபதுகளின் கடைசியில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 என்ற நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வந்துவிட்டது, திருச்சி வானொலி சொல்லிச் சொல்லிப் பரவியதால். டிவியிலும் 'வயலும் வாழ்வும்' வந்தது. ஆனால் அதைப் பார்க்க முதலில் டிவி வேண்டுமே!

அந்தக் காலத்து டிவியை நகரத்துக்காரர்களே கல்யாணம் காட்சி மாதிரி யோசித்துத்தான் வாங்கினார்கள். சாலிடேர், டயனோரா என்று சென்னையிலேயே செய்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகள். மரச் சட்டம், இழுத்து மூட ஷட்டர், அதற்கு மேல் அந்த வீட்டு அம்மா பின்னிய உறை. வைத்திருக்க லைசென்ஸ் வேறு, அதற்குத் தபால் ஆபீஸில் பணம் கட்டணும். எண்பதுகளின் நடுவில்தான் அந்த லைசென்ஸ் தொல்லை ஒழிந்தது.

1982-இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அந்த வருஷம்தான் நாட்டில் கலர் ஒளிபரப்பு வந்தது. சென்னையில் வசதியுள்ளவர்கள் கலருக்கு மாற ஆரம்பித்தார்கள். அப்படி மாறிய ஒருவரின் கறுப்பு வெள்ளைப் பெட்டி, உறவுமுறையில், எங்கள் ஊர் ரைஸ் மில்காரர் வீட்டுக்கு வந்தது. ஊரின் முதல் டிவி. அதாவது சென்னையில் வேண்டாம் என்று ஆனபிறகு எங்களுக்கு அதிசயமாக வந்த டிவி. யாரும் அப்படி யோசிக்கவில்லை, நானும்தான். மூங்கில் கழியில் ஆண்டெனா கட்டி வடக்கே பார்த்து நிறுத்தினார்கள். காக்கா உட்கார்ந்தால் படம் ஆடும். கடல் பக்கத்து உப்புக்காற்றில் இரண்டே வருஷத்தில் அதன் குழாய்கள் பூத்துப்போகும். மொட்டைமாடியில் ஒருவர், வாசலில் ஒருவர், டிவிக்கு எதிரில் ஒருவர். "வருதா? வருதா? போச்சு போச்சு, அங்கேயே புடி!" எங்கள் வயசுக்காரர்கள் எல்லாருக்கும் இந்தச் சத்தம் காதில் இருக்கும்.

சொல்ல வந்தது அந்த வீட்டில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதைப் பற்றி. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்', ஞாயிற்றுக்கிழமை படம். கூடத்தில் நாற்காலி போட்டு மில்காரர் குடும்பம். அவர்கள் காலடியில் தரையில் சொந்தக்காரப் பிள்ளைகள். வாசற்படிக்கு இந்தப் பக்கம் திண்ணையில் எங்களைப் போன்ற ஊர்த்தெருப் பிள்ளைகள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பேர். காலனிப் பிள்ளைகள் தெருவுக்கு அந்தப் பக்கம், வேப்பமரத்தடியில். அங்கிருந்து பார்த்தால் சுவரில் நீல வெளிச்சம் ஆடுவது தெரியும், பாட்டு கேட்கும். படம் தெரியாது. யாரும் பலகை எழுதி மாட்டவில்லை, யாரும் விரட்டவும் இல்லை. அவரவர் இடம் அவரவருக்குத் தெரியும், அவ்வளவுதான். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் ஒருவன் திங்கட்கிழமை காலையில் என்னிடம் கேட்பான்: "அந்தப் பாட்டுல அவரு என்னா சட்டைடா போட்டிருந்தாரு?" நான் சொல்வேன். கறுப்பு வெள்ளை டிவியில் பார்த்ததற்கு நிறம் வேறு சேர்த்துச் சொல்வேன்.

ஒரே ஒருநாள் அந்த டிவி தெருவுக்கு வந்தது. 1987 டிசம்பர் 24 எம்.ஜி.ஆர். இறந்த அன்று. மில்காரர் யாரும் கேட்காமலே பெட்டியைத் தூக்கித் திண்ணையில், தெருவைப் பார்த்து வைத்தார். மொத்த ஊரும் காலனியும் ஒன்றாக நின்று அழுதது. இறுதி ஊர்வலம் முடிந்த பிறகு டிவி கூடத்துக்குப் போய்விட்டது, காலனிக்காரர்கள் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். பின்னால் பஞ்சாயத்துக்கும் ஒரு டிவி வந்தது, கம்பிக் கதவு போட்ட சின்ன அறையில். அறை ஊர்த்தெரு முனையில், சாவி ஒருவர் மடியில். அதன் ஆயுசு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தொண்ணூறுகளில் நிலைமை மாறியது, அதற்குக் காரணம் கடைக்காரர்கள். 1993 ஏப்ரல் 14 சன் டிவி வந்தது. கேபிள் வந்தது. பத்துப் பதினைந்து சேனல் வந்தால் பழைய பெட்டி போதாது. அந்த நேரத்தில் அகாய் கம்பெனி 'பழைய டிவியைக் கொண்டுவாருங்கள், புது டிவியில் விலை கழித்துக்கொள்கிறோம்' என்று எக்ஸ்சேஞ்ச் விளம்பரம் போட்டது. மற்றவர்களும் பின்னாலேயே போட்டார்கள். நகரத்துக்காரர்கள் பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசோடு வீட்டுக்குப் போனார்கள். கொடுத்த பழசு எங்கே போனது என்று எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்? அது எங்களிடம்தான் வந்தது. திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், செய்யூர் என்று ஊருக்கு ஊர் சின்னச் சின்ன டிவி ரிப்பேர் கடைகள் முளைத்தன. ஒவ்வொன்றிலும் சுவரோரம் நகரத்துப் பெட்டிகள் அடுக்கி இருக்கும்.

எங்கள் அப்பா வாங்கியது 1996 அறுவடை முடிந்து. செங்கல்பட்டில் ஒரு கடை. இருபது அங்குலம், கறுப்பு வெள்ளை. கடைக்காரர் ஆயிரத்து எண்ணூறு சொன்னார். அப்பா மாடு பிடிப்பவர் மாதிரி பெட்டியைச் சுற்றிவந்து பார்த்தார். பின்பக்கம் கையை வைத்துச் சூடு பார்த்தார். நிறுத்திவிட்டு மறுபடி போடச் சொன்னார், படம் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணினார். யார் அவருக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கடைசியில் ஆயிரத்து இருநூறுக்குப் படிந்தது. பழைய புடவை சுற்றி டிவிஎஸ் 50-இல் நடுவில் வைத்து நான் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். பழைய சாமான்தான். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அதைக் கழிவு என்று நினைக்கவில்லை. பேசி, இறக்கி, எண்ணிக் கொடுத்து வாங்கியதற்கு ஒரு மதிப்பு வந்துவிடுகிறது.

அந்தப் பெட்டியை ஓட்டியவர் ஒரு மெக்கானிக் அண்ணன். பம்பு செட் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கினால் படம் நாலுபக்கமும் சுருங்கும். ஸ்டெபிலைசர் 'டக் டக்' என்று அடித்துக்கொண்டே இருக்கும். அண்ணன் வந்து கன்டென்சர் மாற்றுவார், சால்டரிங் வைப்பார். படக்குழாய் கிழமாகி வெளிச்சம் குறைந்தால் அதன் ஹீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் வோல்ட் கொடுத்து ஆறு மாசம் உயிர் நீட்டுவார். பணம் உடனே கேட்கமாட்டார். நெல் அறுத்ததும் ஒரு மூட்டை போகும்.

பழசு என்ற பேச்சு வந்துவிட்டதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமி. மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை எங்கள் பக்கத்துக் கடலோரக் குப்பங்கள் எல்லாவற்றிலும் தண்ணீர் புகுந்தது. கல்பாக்கம் குடியிருப்புக்குள்ளும் புகுந்தது. நாடு முழுக்க மனசிரங்கி உதவி அனுப்பினார்கள், அதை மறுக்கவே முடியாது. ஆனால் லாரி லாரியாகப் பழைய துணியும் வந்தது. கிழிந்த கோட்டு, பட்டன் இல்லாத சட்டை, கரை போட்ட புடவை. கடலோரத் தமிழ்நாடு முழுக்க அந்தத் துணிகள் ரோட்டோரத்தில் மலையாகக் கிடந்து மழையில் நனைந்தன. மக்கள் தொடவில்லை. 'எல்லாம் போன பிறகும் இவ்வளவு வீம்பா?' என்று அப்போது சிலர் பேசியது எனக்கு நினைவிருக்கிறது. டெல்லியிலிருந்து கூஞ்ச் என்ற அமைப்பு வந்து அந்தத் துணிகளைச் சேகரித்துத் தரம்பிரித்து வேறு உபயோகத்துக்கு மாற்றவேண்டியிருந்தது.

அந்தக் குப்பத்துக்காரர்கள் சந்தையில் பழைய துணி வாங்காதவர்கள் இல்லை. வாங்குவார்கள், என்னைவிட நன்றாகப் பேரம் பேசுவார்கள். தானே பார்த்து எடுப்பது வேறு, மேலே வந்து விழுவது வேறு. சுனாமிக்கு அடுத்த வருஷமே நான் மீன் வாங்கப் போன வீட்டு அம்மா, செருப்பில்லாத காலைக் காட்டிச் சொன்னார்: "ஜோடி ஜோடியா செருப்பு வந்துச்சு தம்பி. ஒண்ணுக்கு ஒண்ணு ஜோடி சேரல."

இந்தப் பின்னணியில்தான் நான் 2006-ஐப் பார்க்கிறேன். அந்த வருஷச் சட்டசபைத் தேர்தலில் தி.மு.க. மூன்று பெரிய வாக்குறுதி கொடுத்தது: கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி, நிலமற்ற விவசாயக் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர், டிவி இல்லாத வீட்டுக்கு இலவசக் கலர் டிவி. கருணாநிதி முதல்வரானார். முதல் வருஷ பட்ஜெட்டில் டிவிக்கு 750 கோடி ஒதுக்கினார்கள். அண்ணா பிறந்தநாளான செப்டம்பர் 15 அன்று விநியோகம் ஆரம்பித்தது. எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கியதால் பெட்டி ஒன்று மூவாயிரத்துக்கும் குறைவாக முடிந்தது. 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கு மேல் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. இரண்டு ஏக்கரைப் பற்றி ஒரு விவசாயியாக எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, அது இன்னொரு நாளைக்கு.

எங்கள் ஊருக்கு டிவி வந்த அன்று பள்ளிக்கூடத்து மைதானத்தில் லாரி நின்றது. ரேஷன் கார்டும் டோக்கனும் காட்டி வரிசையில் வாங்கவேண்டும். பிரிக்காத அட்டைப்பெட்டி. உள்ளே தெர்மோகோல், பிளாஸ்டிக் உறை, ரிமோட். மில்காரர் வீட்டு மருமகளும் வரிசையில் நின்றார், எங்கள் அம்மாவும் நின்றார், காலனி ஜனமும் நின்றது. எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே மாதிரி. நான் வாயில் வைத்துப் பேசுகிற பெரிய வார்த்தை எதுவும் அங்கே யாரும் பேசவில்லை. ஆனால் என்னோடு படித்தவன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போகும்போது அம்மாவைப் பார்த்து, "ஆயா, எங்க ஊட்டுது கலரு!" என்றான். நாற்பதை நெருங்குகிற ஆள். அவன் வீட்டுக்குள் வந்த முதல் புதுச் சாமான் அது என்று பிற்பாடு சொன்னான். கட்டில் பழசு, சைக்கிள் பழசு, பீரோ அவன் மனைவி வேலை செய்த வீட்டில் கொடுத்தது.

விமர்சனம் இல்லாமல் இல்லை. கேபிள் தொழிலுக்கு ஆள் பிடிக்கிற திட்டம் என்று எதிர்க்கட்சிகள் அப்போதே சொன்னார்கள். டிவி இலவசம், கேபிளுக்கு மாசாமாசம் கூலியில் ஒருநாள் காசு போகும் என்பது உண்மைதான். 2011-இல் அரசு கேபிள் எழுபது ரூபாய்க்கு வந்தபோதுதான் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். அதே 2011-இல் ஆட்சி மாறி டிவி நின்றது, மிக்ஸி கிரைண்டர் மின்விசிறி வந்தது. டிவி வாக்குறுதியை எதிர்த்துப் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2013 ஜூலை 5 அன்று தீர்ப்பு வந்தது, சுப்ரமணியம் பாலாஜி வழக்கு என்பார்கள். தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி லஞ்சம் ஆகாது என்றது கோர்ட். அதே சமயம் இது தேர்தலின் நியாயத்தை அசைக்கும், தேர்தல் கமிஷன் வழிகாட்டுதல் வகுக்கட்டும் என்றும் சொன்னது. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை, 2022-இல் மூன்று நீதிபதி அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கடன் சுமை பற்றிக் கேட்பவர்கள் கேட்கவேண்டிய கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அந்தப் பணத்தில் எங்கள் ஏரிக்கு மதகு கட்டியிருக்கலாமே என்று எனக்கும் தோன்றியதுண்டு.

ஆனாலும் ஒரு கணக்கு. 2001 சென்சஸில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு நாற்பது வீட்டில்கூட டிவி இல்லை. 2011-இல் எண்பத்தேழு வீட்டில் இருந்தது. அதே பத்து வருஷத்தில் நாடு முழுக்க முப்பத்திரண்டிலிருந்து நாற்பத்தேழுக்குத்தான் ஏறியது. எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம், வேப்பமரத்தடியில் யாரும் நிற்கவில்லை என்பது. 'முன்னெல்லாம் ஊரே ஒரு டிவியில் ஒன்றாகப் பார்த்தோம், அந்த ஒற்றுமை போச்சே' என்று திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் ஏங்குகிறார்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் யாரும் அப்படி ஏங்கி நான் கேட்டதில்லை.

விற்றார்கள், அதையும் மறைக்கவில்லை. ஏற்கெனவே டிவி இருந்த வீட்டில் அட்டைப்பெட்டி பிரிக்காமலே ஆயிரத்துக்கும் ஆயிரத்தைந்நூறுக்கும் கைமாறியது. எல்லை தாண்டிக் கேரளாவுக்குப் போனது என்று பத்திரிகையில் வந்தது. மகள் கல்யாணச் சீரில் போனது கொஞ்சம். பள்ளிக்கூட ஃபீஸுக்குப் போனது கொஞ்சம், விதை நெல்லுக்குப் போனதும் எனக்குத் தெரியும். ஒரு ஏழை வீட்டில் அவசரத்துக்கு விற்க ஒரு சாமான் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, நகை அடகு வைத்துப் பழகியவர்களுக்குச் சொல்லாமலே புரியும்.

அந்த வெள்ளத்தில் அடிபட்டவர் எங்கள் மெக்கானிக் அண்ணன். பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு விலையே இல்லாமல் போனது. சுவரோரம் அடுக்கிவைத்திருந்த முப்பதையும் உடைத்துச் செம்பை மட்டும் எடுத்துப் போட்டார். கொஞ்ச வருஷம் அரசாங்க டிவி ரிப்பேர் வந்தது. பிறகு தட்டை டிவி மலிந்தது, அதைப் பிரித்து வேலை செய்வதற்கு ஒன்றுமில்லை, போர்டை மாற்று என்கிறான் கம்பெனிக்காரன். இப்போது அண்ணன் பம்பு செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறார்.

முன்பு பேரீச்சம்பழம் கொடுத்து இரும்பு எடுப்பவர் வருவார். இப்போது மைக் கட்டின மினி லாரி வருகிறது. பெட்டி டிவியைக் கொடுத்தால் பின்பக்கம் திறந்து, கழுத்தில் இருக்கும் செம்புக் காயிலையும் போர்டையும் பிடுங்கிக்கொண்டு, கண்ணாடிக் குழாயை நம்மிடமே விட்டுவிட்டுப் போகிறார். அதற்கு எங்கும் விலையில்லை. அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது, கண்ட இடத்தில் உடைக்கக் கூடாது. மின்கழிவுக்கு 2012-இலிருந்து விதிமுறை அமலில் இருக்கிறது, உற்பத்தியாளர் திரும்பப் பெறவேண்டும் என்று. எங்கள் ஊர்வரை அப்படி ஒரு வண்டியும் வந்ததில்லை. வந்த ஒன்றரைக் கோடிக்கும் அதற்கு முன் நகரத்திலிருந்து வந்த பெட்டிகளுக்கும் கடைசி இடம் ஏரிக்கரைகள்தான்.

போன கோடையில் ஏரியில் வண்டல் எடுத்து வயலுக்கு அடித்தோம். நல்ல மண், கறுப்பாக, கையில் பிடித்தால் வெண்ணெய் மாதிரி. மூன்றாவது டிராக்டர் லோடில் கண்ணாடித் துண்டு வந்தது. கனமான, லேசாகச் சாம்பல் நிறமடித்த, வளைந்த கண்ணாடி. நடவுக்கு இறங்குகிற பெண்களின் கால் என்னாவது? இரண்டு நாள் நானும் என் மனைவியும் குனிந்து குனிந்து பொறுக்கினோம். ஒன்றரை அன்னக்கூடை சேர்ந்தது. எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று யாரும் சொல்லவில்லை. பஞ்சாயத்தில் கேட்டால் செங்கல்பட்டில் கேளுங்கள் என்கிறார்கள். இப்போதைக்குச் சாக்கில் கட்டி பம்பு செட் ரூம் மூலையில் வைத்திருக்கிறேன்.